ஆகாயத்துக்கு வேலி

நிலத்துக்கு வேலி அடைத்தவர்களின் கதையை நாம் வரலாற்று வகுப்பிலே படித்திருக்கிறோம். 1604ஆம் ஆண்டுக்கும் 1914ஆம் ஆண்டுக்கும் இடையில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. அந்நாட்டின் பரப்பில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று அதிகமான நிலம், ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், அச்சட்டங்களினால் வேலிக்குள் சென்றது. ஊராரின் மாடு மேய்ந்த புற்றரைகளும் அவர்கள் விறகு பொறுக்கிய காடுகளும் அதனுள் அடங்கும். எமது நாட்டிலே 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டமும் இதே தர்க்கத்தையே பேசிற்று. பயிர் செய்யப்படாத நிலம் வெறும் நிலம். வெறும் நிலம் முடிக்குரியது. முடிக்குரியதைக் கோப்பித் தோட்டக்காரனுக்கு விற்கலாம். அங்கே சேனை செய்தோரும் மாடு மேய்த்தோரும் இருந்தனர் என்பது சட்டம் எழுதியோரின் கண்ணிற் படவில்லை.

இக்கட்டுரை நிலத்தைப் பற்றியதன்று. வெறுமை என்று நாம் எண்ணும் இன்னொரு வெளியைப் பற்றியது. பொழுதுபோக்குக்காகச் சிறு விமானம் ஓட்டுவோருக்கும் கிளைடரிற் பறப்போருக்கும் ஆகாயத்தில் எஞ்சியிருக்கும் இடம் எவ்வளவு, அந்த இடத்தை யார், எந்த நியாயத்தின் பேரில் வளைத்துக்கொள்கிறார்கள் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. இவ்வினாவை எழுப்பியதும் எமது கலைப்பீட நண்பர்கள் சிலர் சிரிப்பார்கள் என்பதை அறிவேன். விமானம் ஓட்டுவது பணக்காரனின் விளையாட்டு. அவன் சுற்றிப் போனால் என்ன, நேரே போனால் என்ன, அதற்கொரு கட்டுரையா என்று கேட்பார்கள். அந்தச் சிரிப்பு முற்போக்கான சிரிப்புப் போலத் தோன்றினும் உண்மையில் அது வேலியடைப்போருக்கே துணைபோகிறது. அவர்களுக்குப் பின்னர் மறுமொழி கூறுவேன். முதலில் வேலியின் இயல்பைத் தெரிந்துகொள்வோம்.

ஆகாயம் யாருடையது என்ற கேள்விக்கு ஐரோப்பியச் சட்டவாணர் நெடுங்காலம் ஓர் எளிய விடையை வைத்திருந்தனர். நிலம் எவனுடையதோ, அதற்கு மேலுள்ள வானமும் விண்முட்ட அவனுடையதே என்பது அவ்விடை. விமானம் பறக்கத் தொடங்கியதும் இது கேலிக்கூத்தாயிற்று. 1946இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் கோஸ்பி என்ற விவசாயியின் வழக்கிலே இதனைத் தீர்த்துவைத்தது. வட கரோலினாவில் அவர் கோழி வளர்த்துவந்தார். இராணுவ விமானங்கள் அவரது நிலத்துக்கு 83 அடி உயரத்திலே இறங்கிச் செல்லும்; வெருண்ட கோழிகள் சுவரிலே மோதிச் செத்தன. அவ்வளவு தாழ்வாகப் பறப்பது அவரது நிலத்தை எடுத்துக்கொள்வதற்கு ஒப்பானது, அதற்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்றது மன்று. ஆயின் அதே தீர்ப்பிலே, வானம் ஒரு பொதுப் பெருவழி என்றும், விண்முட்ட உரிமை கோரும் பழைய கோட்பாட்டுக்கு நவீன உலகில் இடமில்லை என்றும் கூறிற்று. கோழி வளர்த்தவருக்கு நட்டஈடு கிடைத்தது. மக்களுக்கு வானம் கிடைத்தது.

ஆனால் அந்தப் பொதுவழிக்கு அதிபதி அரசு. 1919இன் பாரிஸ் உடன்படிக்கையும் 1944 டிசெம்பரிற் கையொப்பமான சிக்காகோ உடன்படிக்கையும், ஒவ்வோர் அரசுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையானதும் பிறர்க்கு இடமற்றதுமான இறைமை உண்டென ஏற்றுக்கொண்டன. இவ்விறைமையை உடைமை என்று பொருள்கொள்வதா, பொதுச்சொத்தின் காவற்பொறுப்பு என்று பொருள்கொள்வதா என்பதிலேதான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது.

இன்று உலகின் வான்வெளி ஏ முதல் ஜி வரை ஏழு வகையாக வகுக்கப்பட்டுள்ளது. ஏ வகையினுள் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கத் தகுதியும் அனுமதியும் பெற்றோரே நுழையலாம். கண்ணாற் பார்த்துப் பறப்பவனுக்கு அங்கு இடமே இல்லை. பி, சி, டி வகைகளில் அவன் கட்டுப்பாட்டாளரிடம் றேடியோவிற் கேட்டு அனுமதி பெற்றே நுழையவேண்டும் என்பது பொதுவிதி. ஜி வகையில் எவரையும் கேட்கவேண்டியதில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் விலத்திப் பறக்கவேண்டியதுதான். ஜி என்பதுதான் எஞ்சிய மேய்ச்சல் நிலம். வரைபடத்திலே அதற்கு நிறமில்லை, வெறுமையாக இருக்கும். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியோருக்கு அவ்வரைபடத்தைக் காட்டினால் மகிழ்ந்திருப்பார்கள்.

இந்த மேய்ச்சல் நிலத்தினூடே ஒருவன் எவ்வாறு பயணம் செய்கிறான்? இலண்டனுக்குத் தெற்கே, கடற்கரையோரத்தில் ஷோரம் என்ற சிறு விமானநிலையம் உண்டு. அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள டக்ஸ்ஃபோர்டுக்குச் செல்ல ஒருவன் விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோடு ஏறத்தாழ 75 கடல் மைல். மணிக்கு 100 கடல் மைல் வேகத்திற் செல்லும் சிறு விமானத்துக்கு முக்கால் மணிநேரப் பயணம். வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறினால், கோடு முதலில் கற்விக் விமானநிலையத்தை ஊடறுக்கும். பின்பு இலண்டன் மாநகரின் நடுவே செல்லும். அதற்கப்பால் ஸ்ரான்ஸ்ரெட் நிலையத்தின் வலயத்துள் நுழையும். கற்விக்கிடமோ ஸ்ரான்ஸ்ரெட்டிடமோ அனுமதி கேட்கலாம், கிடைக்கவுங்கூடும், கட்டுப்பாட்டாளருக்கு வேலை அதிகமாயிருந்தாற் கிடைக்காது. கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடுபவன் மூடன். ஆகவே அவன் கிழக்கே கென்ற் மாவட்டத்தின் மேல் வளைந்து செல்லவேண்டும். இலண்டன் சிற்றி நிலையத்தின் வலயம் மேற்கே. 2015இல் கட்டுப்பாட்டு வான்வெளியைப் பெற்றுக்கொண்ட சவுத்தெண்ட் கிழக்கே. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் தேம்சு நதியைக் கடக்கவேண்டும். அதன்பின் ஸ்ரான்ஸ்ரெட்டின் ஓரத்தைத் தொடாமல் வடக்கே போகவேண்டும். மேலேயும் கூரை உண்டு. இலண்டனைச் சுற்றிய ஏ வகை வான்வெளி பல இடங்களில் 2,500 அடியிலேயே தொடங்கிவிடுகிறது. பக்கங்களிற் சுவர், தலைக்கு மேலே கூரை, காலுக்குக் கீழே ஊர்கள். ஆகாயம் என்று கவிஞர் பாடியது இதையா என்று கேட்கத் தோன்றும்.

இச்சந்தினுள்ளே செல்பவனுக்குக் காற்றும் எதிரி. குறுக்கே 20 கடல் மைல் வேகக் காற்று வீசினால், 90 கடல் மைல் வேகத்திற் செல்லும் விமானம் ஏறத்தாழ 13 பாகை விலகிச் செல்லும். விமானிகளிடம் ஓர் எளிய கணக்கு உண்டு: திசையில் ஒரு பாகை பிசகினால் 60 கடல் மைல் சென்றதும் ஒரு மைல் விலகியிருப்பாய். உயரமானியோ காற்றழுத்தத்தை அளந்தே உயரத்தைக் கூறுகிறது. அழுத்த அளவை 10 மில்லிபார் பிழையாக வைத்துவிட்டால் ஏறத்தாழ 300 அடி பிழையாகக் காட்டும். அதாவது கூரைக்கு 100 அடி கீழே செல்கிறேன் என்று நம்பிக்கொண்டிருப்பவன் கூரைக்கு 200 அடி மேலே, பயணிகள் விமானங்களின் பாதையிற் சென்றுகொண்டிருக்கக்கூடும். இக்காலத்திலே செய்மதியின் துணையோடு தான் நிற்கும் இடத்தை வரைபடத்திற் காட்டும் கைக்கணினி பலரிடம் உண்டு. அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவன் எதிரே வரும் விமானத்தைப் பார்ப்பதில்லை.

அத்துமீறி நுழைந்தவனுக்கு எச்சரிக்கைக் கடிதம், மீள்பயிற்சி வகுப்பு, சிலவேளைகளில் உரிமப்பத்திரத்தின் இடைநிறுத்தம் எனத் தண்டனைகள் காத்திருக்கின்றன. அத்துமீறலைக் குறைப்பதற்காகப் பிரித்தானியாவிலே விமானிகளுக்குக் கூறப்படும் புத்திமதி யாதெனில், கட்டுப்பாட்டு எல்லையிலிருந்து பக்கவாட்டில் 2 கடல் மைலும் உயரத்தில் 200 அடியும் விலகிப் பறக்குமாறு திட்டமிடுங்கள் என்பது. நல்ல புத்திமதி. ஆனால் மான்செஸ்ரருக்கும் லிவர்பூலுக்கும் இடையே சிறு விமானங்களுக்கென விடப்பட்ட தாழ்வழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் ஏறத்தாழ 4 கடல் மைல். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என விலகினால் எஞ்சுவது தடிப்பில்லாத ஒரு கோடு! அக்கோட்டின் மீதுதான் வடக்கே செல்வோரும் தெற்கே வருவோரும் எதிரெதிரே பறக்கவேண்டும். அவ்வழியின் மேல்வரம்பு நெடுங்காலம் 1,250 அடியாக இருந்தது. எஞ்சின் நின்றுபோனால் இறங்க இடந்தேட அங்கே எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று கணக்கிடுவதற்கு விஞ்ஞானபீடத்தார் தேவையில்லை.

இங்கேதான் எனது முதற் குற்றச்சாட்டு. வேலி அடைப்பவர் எவரும் பாதுகாப்பின் பேராலேயே அடைக்கிறார். ஆனால் ஒரு வலயத்தை வளைத்ததும் அங்கே பறந்தவர்கள் மறைந்துபோவதில்லை. வேலியின் ஓரத்திலே நெருங்குகிறார்கள். முன்பு பத்து மைல் அகலத்திலே சிதறிப் பறந்த இருபது விமானங்கள் இப்போது மூன்று மைல் அகலத்தில், ஒரே உயரத்திற் பறக்கின்றன. உள்ளே குறைந்த ஆபத்து வெளியே கூடுகிறது. உள்ளே குறைந்ததைக் கணக்கெழுதி வெளியே கூடியதை எழுதாமல் விடும் கணக்குப்பிள்ளையை நாம் நேர்மையானவன் என்போமா?

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ளவேண்டும். அது இறந்தவர்களின் மீது எழுப்பப்பட்ட வாதம். 1956 யூன் 30ஆம் திகதி, கிறாண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேல், கட்டுப்பாடற்ற வான்வெளியில் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் மாண்டனர். 1958ஆம் ஆண்டின் அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தவற்றுள் அது முக்கியமானது. 1978 செப்ரெம்பரில் சான் டியேகோ நகரின் மேல் போயிங் 727 ஒன்றும் செஸ்னா 172 ஒன்றும் மோதின. தரையிலிருந்தோர் எழுவர் உட்பட 144 பேர் மாண்டனர். 1986 ஓகஸ்ட் 31ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே செரிற்றோஸ் என்னும் ஊரின் மேல் மெக்சிக்கோவின் பயணிகள் விமானமொன்றும் பைப்பர் சிறு விமானமொன்றும் மோதி, வீடுகளில் இருந்தோரையும் சேர்த்து 82 உயிர்களைக் குடித்தன. அந்தச் சிறு விமானம் அனுமதியின்றிக் கட்டுப்பாட்டு வலயத்துள் தவறி நுழைந்திருந்தது. இதன் பின்னரும் கட்டுப்பாடே வேண்டாம், ஆகாயம் எங்கள் பிறப்புரிமை என்று முழங்கும் விமானிகள் சிலர் உளர். தாம் இருக்குமிடத்தை றேடாருக்கு அறிவிக்கும் கருவியை நிறுத்திவைத்துக்கொண்டு சுதந்திரம் பேசும் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செரிற்றோஸில் வீட்டினுள் இருந்தவர்களும் அந்த முற்பகலிற் சுதந்திரமாகத்தான் இருந்தார்கள்.

ஆயினும் இவ்விபத்துகள் உண்மையில் எதனை நிறுவுகின்றன? முதலாவதிலே சிறு விமானம் எதுவும் சம்பந்தப்படவேயில்லை. இரண்டாவதிலே, செஸ்னாவை முன்பு கண்டிருந்த பயணிகள் விமானத்தின் விமானிகள் அதனைப் பார்வையிலிருந்து தவறவிட்டதையும், அதைக் கட்டுப்பாட்டாளருக்கு அறிவிக்காததையும் விசாரணையாளர் முதன்மைக் காரணமாகக் காட்டினர். கட்டுப்பாட்டு நடைமுறையிலும் குறை கண்டனர். மூன்றாவதிலே, அத்துமீறலோடு, மோதலைத் தடுக்க அன்றைய கட்டுப்பாட்டு முறைக்கிருந்த இயலாமையும் சுட்டிக்காட்டப்பட்டது. செரிற்றோஸுக்குப் பின்னர் நடந்தது யாது? பெரும் நிலையங்களைச் சுற்றிப் பறக்கும் விமானங்கள் தம் உயரத்தைத் தாமே றேடாருக்கு அறிவிக்கவேண்டும் என்றும், பயணிகள் விமானங்களிலே மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி இருக்கவேண்டும் என்றும் விதிகள் வந்தன. அவை ஒருவரையொருவர் காணச்செய்யும் விதிகள். அவற்றை நான் இருகரம் நீட்டி ஏற்கிறேன். ஒருவரையொருவர் காணவேண்டும் என்பதிலிருந்து, ஒருவர் வெளியேறவேண்டும் என்ற முடிவுக்குத் தாவுவதையே எதிர்க்கிறேன்.

அந்தத் தாவல் அவசியமற்றது என்பதற்கு அதே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரே சாட்சி. உலகின் மிகப் பரபரப்பான விமானநிலையங்களில் ஒன்று அங்குள்ளது. அதன் ஓடுபாதைகளுக்கு நேர்மேலே சிறு விமானங்களுக்கென ஒரு சிறப்புவழி வைத்திருக்கிறார்கள். தென்கிழக்கே போகிறவன் 3,500 அடியிலும் வடமேற்கே வருகிறவன் 4,500 அடியிலும் பறக்கவேண்டும். குறித்த கோட்டினின்று விலகக்கூடாது, மறுமொழிக் கருவியில் 1201 என்ற எண்ணை இடவேண்டும், விளக்குகளை எரியவிடவேண்டும். இவற்றைக் கடைப்பிடித்தால் எந்தக் கட்டுப்பாட்டாளரிடமும் தனி அனுமதி கேட்கவேண்டியதில்லை. பேரூர்திகள் இறங்கும் இடத்தின் உச்சியிலா என்று திகைக்கவேண்டாம். இறங்குவனவும் ஏறுவனவும் ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் அப்பாலேயே உயரத்தில் இருக்கும். ஓடுபாதையின் நடுவே எல்லாம் தரையோடு தரையாக இருக்கும். அதனால் நேர்மேலே உள்ள இடமே அவ்வட்டாரத்தின் அமைதியான இடம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மேதாவிலாசம் தேவைப்படவில்லை. சிறியவனுக்கும் வழி விடவேண்டும் என்ற எண்ணம் முதலில் இருந்தது. அதன்பின் வழி புலப்பட்டது.

நியூ யோர்க்கின் ஹட்சன் நதிக்கு மேலுள்ள வழி இதனினும் கடுமையான சோதனைக்கு உட்பட்டது. மூன்று பெரும் விமானநிலையங்களின் வான்வெளிக்குக் கீழே, நதியின் மேல் சிறு விமானங்களும் உல்லாசப் பயணிகளின் ஹெலிகொப்ரர்களும் அனுமதியின்றிப் பறக்க இடம் இருந்தது. 2009 ஓகஸ்ட் 8ஆம் திகதி அங்கே சிறு விமானமொன்றும் ஹெலிகொப்ரரொன்றும் மோதி ஒன்பது பேர் இறந்தனர். பொறுப்பிலிருந்த கட்டுப்பாட்டாளர் அவ்வேளையிலே தொலைபேசியிற் சொந்தக் கதை பேசிக்கொண்டிருந்தார் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. (கட்டுப்பாடு இருந்தாற் பாதுகாப்பு இருக்கும் என்போர் இதனை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.) வழியை மூடிவிடு என்று கூக்குரல் எழுந்தது. மூடவில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே புதிய விதிகள் வந்தன. உள்ளூரில் வட்டமிடுவோர் 1,000 அடிக்குக் கீழே. கடந்துசெல்வோர் 1,000 முதல் 1,300 அடி வரை. வடக்கே போவோர் கீழைக்கரையோரமாக, தெற்கே வருவோர் மேலைக்கரையோரமாக. வேகம் 140 கடல் மைலுக்கு மேற்படக்கூடாது. எல்லோரும் ஒரே றேடியோ அலைவரிசையிலே தாம் இருக்குமிடத்தைக் கூறிக்கொண்டே செல்லவேண்டும். தெருவிலே இடப்பக்கமாகப் போ, மணி அடித்துக்கொண்டு போ என்று சைக்கிளோட்டிக்குச் சொல்வதைப் போன்ற விதிகள்தாம். விபத்து நடந்த தெருவைச் சுவர் வைத்து அடைப்பதற்கும், அதற்கு ஒழுங்கு வகுப்பதற்கும் உள்ள வேற்றுமையை ஹட்சன் காட்டுகிறது.

இனி ஃபார்ன்பரோவின் கதைக்கு வருவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே. இலண்டனுக்குத் தென்மேற்கேயுள்ள ஃபார்ன்பரோவிலேதான் 1908 ஒக்ரோபரில் சாமுவேல் கோடி என்பவர் பிரித்தானியாவின் முதலாவது எஞ்சின் விமானப் பறப்பை நிகழ்த்தினார். அவர் மேடைகளில் வித்தை காட்டிப் பிழைத்தவர்; பட்டம் செய்து பறக்கவிட்டவர். இன்றைய பாதுகாப்பு அதிகாரி எவரும் அவரை வேலிக்குள் விட்டிருக்கமாட்டார். அதே ஃபார்ன்பரோ இன்று வணிகப் பிரமுகர்களின் தனியார் ஜெற் விமானங்களுக்கென்றே நடத்தப்படும் நிலையம். ஒவ்வொன்றிலும் பயணிகள் சிலர். சிலவேளை அதுவும் இல்லை. 2011இல் அந்நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பே ஆண்டுக்கு 50,000 ஏற்ற இறக்கங்கள்தாம். ஒப்புநோக்க, ஹீத்ரோவில் 2019இல் நடந்தவை ஏறத்தாழ 4 இலட்சத்து 75 ஆயிரம்.

இந்நிலையத்தின் முதலாளிகள் தமக்கெனக் கட்டுப்பாட்டு வான்வெளி கேட்டனர். பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை 2018இல் அதனை வழங்கத் தீர்மானித்தது. அருகே லாஷம் என்ற ஊரிலே, உலகின் பெரிய கிளைடர் கழகங்களுள் ஒன்று இயங்குகிறது. கிளைடருக்கு எஞ்சின் இல்லை. வெயிலிற் சூடாகி மேலெழும் காற்றைத் தேடிப்பிடித்து, அதனுள் வட்டமிட்டு உயர்ந்து, அவ்வுயரத்தைச் செலவிட்டு முன்னேறுவதே அதன் பயணம். இந்த உயரத்தில் நில், இந்தத் திசையிற் போ என்று அதற்குக் கட்டளையிடமுடியாது. சூடான காற்று கட்டுப்பாட்டாளரின் சொற்கேட்டு எழுவதில்லை. ஆகவே கட்டுப்பாட்டு எல்லை என்பது எஞ்சின் விமானத்துக்கு வாயிற்கதவு என்றால், கிளைடருக்கு அது பெரும்பாலும் சுவர். கழகத்தார் மேல் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், பாதுகாப்புக்கு முதலிடம் கொடுத்தபின், எல்லா வகை விமானங்களின் உடைமையாளரது தேவைகளையும் நிறைவேற்றுமாறு அதிகாரசபைக்குக் கடமை விதிக்கிறது. அக்கடமை சரிவர நிறைவேற்றப்படவில்லை என்பது அவர்களின் வழக்கு. 2019இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2020 பெப்ரவரியில் புதிய எல்லைகள் நடைமுறைக்கு வந்தன.

நீதிமன்றம் பிழை செய்தது என்று நான் கூறவில்லை. அதிகாரசபை சட்டத்தின் எல்லைக்குள் நடந்ததா என்பதே அதன்முன் இருந்த கேள்வி. வான்வெளியை யாருக்குக் கொடுப்பது நியாயம் என்பதன்று. ஃபார்ன்பரோவின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை: வேகமான ஜெற் விமானங்கள் மெதுவான சிறு விமானங்களுக்கிடையே நெளிந்து செல்லவேண்டியிருந்தது, கட்டுப்பாட்டாளர் அவற்றைச் சுற்றுவழிகளில் அனுப்பவேண்டியிருந்தது. ஆனால் தீர்வு எந்தப் பக்கமாகச் சாய்ந்தது என்பதைப் பாருங்கள். ஜெற்றின் சுற்றுவழி நீங்கியது. கிளைடரின் சுற்றுவழி தொடங்கியது. சுற்றிப்போகும் சுமை பலரிடமிருந்து சிலருக்கு மாறியிருந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம். இங்கே அது சிலரிடமிருந்து பலருக்கு மாறியது.

இப்போது, பணக்காரனின் விளையாட்டு என்று சிரித்த நண்பர்களுக்கு வருவோம். ஃபார்ன்பரோவின் ஜெற்றையும் லாஷமின் கிளைடரையும் அருகருகே வைத்துப் பார்த்தபின், எது பணக்காரனுடையது என்று அவர்களே கூறட்டும். கிளைடர் கழகம் என்பது பெரும்பாலும் கூட்டுறவு. ஒரு விமானத்தைப் பலர் பங்குபோட்டு வாங்குவர். ஒருவர் பறக்கையில் மற்றையோர் கயிறு இழுப்பர், இறக்கை பிடிப்பர், வரவு எழுதுவர். சிறு எஞ்சின் விமானம் மலிவானதன்று என்பது உண்மையே. அதன் பெற்றோலில் இன்னமும் ஈயம் கலக்கப்படுகிறது என்பது அவர்களிடம் நான் காணும் பெருங்குறை. அதற்கு அவர்கள் கூறும் சமாதானம் எதுவும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. எனினும் 1955இல் முதலிற் பறந்த செஸ்னா 172 இதுவரை 44,000க்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. அவற்றை ஓட்டியோர் யாவரும் கோடீசுவரர் அல்லர்.

இன்னொன்றையும் பல்கலைக்கழக மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். கிளைடர்க் கலையை வளர்த்தோரிற் கணிசமானோர் மாணவர்கள். முதலாம் உலகப்போருக்குப் பின் ஜேர்மனியின் உயர்கல்லூரிகளிலே மாணவர் பறப்புக் குழுக்கள் தோன்றின. ஹனோவர் மாணவர் குழுவின் 'வம்பிர்' என்ற கிளைடர் 1922 ஓகஸ்டில் ஒரு மணிநேரத்துக்கு மேல் எஞ்சினின்றி வானில் நின்றது; சில நாட்களுக்குள் அந்நேரம் மூன்று மணியாயிற்று. 1957இல் ஸ்ருட்கார்ட்டில் உருவான 'பீனிக்ஸ்' என்ற கிளைடரே கண்ணாடியிழையாற் செய்யப்பட்ட முதல் விமானமாகும். இன்றைய போயிங் 787இன் எடையில் ஏறத்தாழ அரைவாசி இழைக்கூட்டுப் பொருள்களாலானது. பெரிய விமானம் சிறிய விமானத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. கடன்காரன் கடன் கொடுத்தவனையே தெருவைவிட்டு விலகச் சொல்வது உலகில் புதிதன்று. ஆனால் அதற்குக் கலைப்பீடத்தார் கைதட்டவேண்டியதில்லை.

அரச பாதுகாப்பு என்ற பெயரால் எழும் வேலிகளைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. 2001 செப்ரெம்பருக்குப் பின்னர் வாஷிங்டனைச் சுற்றி ஏற்படுத்தப்பட்ட தற்காலிகக் கட்டுப்பாடு 2009இல் நிரந்தர விதியாயிற்று. ஏறத்தாழ 30 கடல் மைல் ஆரையுள்ள வட்டம் அது. தற்காலிகம் என்று வந்த வேலிகள் நிரந்தரமாகும் விதம் எந்த நாட்டு வாசகருக்கும் விளக்கவேண்டியதொன்றன்று; எமது நாட்டு வாசகருக்கு அறவே வேண்டியதில்லை.

வேண்டுவது யாது? வேலி கேட்பவன்மீதே நிரூபிக்கும் பொறுப்பு இருக்கவேண்டும். தன் விமானங்களின் எண்ணிக்கையை மட்டுமன்றி, வெளியே தள்ளப்படுவோரின் எண்ணிக்கையையும் அவர்களுக்குக் கூடும் ஆபத்தையும் அவன் காட்டவேண்டும். வேலிக்குக் காலக்கெடு வேண்டும். பயன்படாத வேளையிலே அது திறந்திருக்கவேண்டும். இது நடவாத காரியமன்று. அமெரிக்காவின் சிறு நிலையங்கள் பலவற்றிலே இரவு கட்டுப்பாட்டுக் கோபுரம் பூட்டப்பட்டதும் அதன் டி வகை வான்வெளியும் அவ்விரவுக்கு இல்லாமற்போகிறது. காலையிற் கோபுரம் திறக்க, வேலியும் எழுகிறது. கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் காவற்காரனின் வேலி மட்டும் ஏன் விழித்திருக்கவேண்டும்?

பிரித்தானியாவிலேயே ஒரு சிறு அசைவு தெரிந்தது. ஒருமுறை கட்டுப்பாட்டுக்குள் சென்ற வான்வெளி அவ்வகையிலேயே தொடரவேண்டுமா என்பதைத் தானாகவே முன்வந்து ஆராயும் பொறுப்பை 2019இல் அந்நாட்டு அரசு அதிகாரசபைக்கு வழங்கியது. அதற்குமுன் வேலியைக் கேட்பதற்கு வழி இருந்தது. அகற்றக் கேட்பதற்குத் தக்க வழி இருக்கவில்லை. முதற்கட்டமாகக் கொட்ஸ்வோல்ட் குன்றுகளை அண்டிய பகுதி ஆராய்வுக்குத் தெரிவுசெய்யப்பட்டது. என்னைக் கேட்டால் லாஷமின் ஓடுதளத்திலே நின்று, நல்ல வெயில் எறிக்கும் கோடைப் பிற்பகலொன்றில், வேலிக்குள் மணிக்கு எத்தனை ஜெற்றுகள் பறக்கின்றன, வேலியோரத்தில் எத்தனை கிளைடர்கள் நெருங்கி வட்டமிடுகின்றன என்று எண்ணி, இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி வெளியிடச் சொல்வேன்.